மகசின் பின்னுக்கு இருக்கும் துவக்கு: அவுஸ்திரேலியா ஏன் இன்னும் கைவிடவில்லை?

மெல்பேர்னுக்குக் கிழக்கே, டான்டினோங் மலையடிவாரத்தில் இருக்கிறது த பேசின். அங்கே ஒரு நண்பரின் வீட்டில் அண்மையில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தோம். அந்த வீட்டுப் பேத்தி இராணுவத்தின் றிசேர்வ் பிரிவில் சேர்ந்து, அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு வந்திருந்தாள். சீருடையுடன் எடுத்த படத்தைத் தொலைபேசியில் காட்டினாள். அம்மப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பேத்தியின் முகத்தைப் பார்க்க முதலே அவருடைய கண் துவக்கில்தான் போய் நின்றது.

"உதென்ன பிள்ளை, மகசின் பின்னுக்குக் கிடக்கு?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. சென்றிகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போய்வர வேண்டும் என்றிருந்த காலத்து மனிதர் அவர். முன்னால் நிற்பவனின் முகம் தெரியுமுன் துவக்கின் வடிவம் தெரியும். நீளமாய், நேரான மகசினோடு இருந்தால் எஸ்.எல்.ஆர். மகசின் முன்பக்கமாக வளைந்திருந்தால் ரி-56. அப்படிப் பழகிய கண்ணுக்கு, கைப்பிடிக்குப் பின்னால், அக்குளுக்குக் கிட்ட மகசின் தொங்கும் துவக்கு பிழையாகச் செய்த சாமான் போலத்தான் தெரியும்.

அவர் வேடிக்கையாகக் கேட்ட கேள்வியை இப்போது பல நாடுகளின் இராணுவத் தலைமையகங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பிரான்ஸ், நியூசிலாந்து, சீனா ஆகியவை இந்த அமைப்பிலிருந்து விலகிவிட்டன. பிரித்தானியா விலகும் வழியில் இருக்கிறது. அவுஸ்திரேலியா மட்டும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் இந்த நாட்டின் சீருடையைப் போடத் தொடங்கிவிட்ட காலத்தில், அவர்களுடைய கையில் எது கொடுக்கப்படுகிறது, ஏன் கொடுக்கப்படுகிறது என்று நாங்களும் அறிந்திருப்பது நல்லது. துவக்கு என்ற சொல்லே எங்கள் வீடுகளில் கொஞ்சம் கனமாகத்தான் விழும். அதற்காகப் பேசாமல் விட்டுவிட முடியாது.

முதலில், மகசின் ஏன் பின்னுக்குப் போனது? வழமையான துவக்கில் முன்னிருந்து பின்னாகக் குழல், மகசின், விசை, பிடங்கு என்பதுதான் ஒழுங்கு. பிடங்கு பெரும்பாலும் தோளில் அண்டிக்கொள்வதற்கான இடம். புல்பப் என்று சொல்லப்படும் அமைப்பில் அந்தப் பிடங்குக்குள்ளேயே சன்னம் வெடிக்கும் பகுதியையும் மகசினையும் வைத்துவிட்டு, விசையை முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். குழலை வெட்டாமலே துவக்கு கட்டையாகிவிடுகிறது.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். லித்கோவில் செய்யப்பட்ட எஸ்.எல்.ஆர். 1143 மில்லிமீற்றர் நீளம். அதன் குழல் 533. அதற்குப் பதிலாக 1980களின் இறுதியில் வந்த ஸ்டெயர், அதாவது எஃப்-88, 790 மில்லிமீற்றர்; குழல் 508. குழலில் இழந்தது இரண்டரை சென்ரிமீற்றர். மொத்த நீளத்தில் மிச்சம் பிடித்தது முப்பத்தைந்து. அமெரிக்கர்களின் எம்-4 பிடங்கை முழுதாக இழுத்தால் 838 மில்லிமீற்றர். அதன் குழலோ 368தான். ஸ்டெயர் அதைவிடக் கட்டை, ஆனால் குழல் பதினான்கு சென்ரிமீற்றர் கூட. 5.56 மில்லிமீற்றர் போன்ற சின்னச் சன்னத்துக்கு வேகம்தான் வலு. நீளக் குழலில் நொடிக்கு 940 மீற்றர் அளவில் பறப்பது எம்-4இன் குழலில் 900 அளவுக்கு இறங்கிவிடும். தூரம் போகப் போக அந்த வித்தியாசம் உறைக்கும்.

கட்டைத் துவக்கின் அருமை தெரிய வேண்டுமென்றால் த பேசினிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஃபேர்ன்ட்றீ கலியில் இருக்கும் ஆயிரம் படிகளில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். எங்களில் பலர் சனிக்கிழமைக் காலைகளில் உடம்பைக் குறைக்க ஏறுகிற அதே படிகள்தான். அது கொகோடா நினைவு நடைபாதை. 1942இல் நியூகினிக் காட்டுக்குள் போன அவுஸ்திரேலியப் படையினர் சுமந்தது லித்கோவில் செய்த லீ-என்ஃபீல்ட். ஒரு மீற்றரைத் தாண்டிய நீளம். கொடியும் சேறும் செங்குத்துமான பாதையில் அந்த நீளம் என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது புரியும். ஓவன் என்ற கட்டைத் துவக்கு, பார்வைக்கு அழகில்லாமலும் மகசின் மேலே துருத்திக்கொண்டும் இருந்தாலும், படையினரிடம் அவ்வளவு பெயர் எடுத்ததற்கு அது காட்டில் தடங்காமல் இருந்ததும் ஒரு காரணம். இன்றைய படையினர் நடப்பதைவிட பென்டிகோவில் செய்யப்படும் புஷ்மாஸ்டர் போன்ற கவச வாகனத்துக்குள் இருப்பதே அதிகம். நெருக்கி உட்கார்ந்து, கதவால் பாய்ந்து இறங்கி, வீட்டு அறைகளுக்குள் நுழைபவருக்கு ஒவ்வொரு சென்ரிமீற்றரும் கணக்குத்தான்.

இந்த அமைப்பு புதிய கண்டுபிடிப்பும் அல்ல. போலந்திலிருந்து பிரித்தானியாவுக்கு ஏதிலியாக வந்த ஜான்சன் என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவான ஈ.எம்-2 என்ற புல்பப் துவக்கை 1951இல் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசு தன் இராணுவத்துக்கு ஏற்றுக்கொண்டது. அதன் குழல் 62 சென்ரிமீற்றர். துவக்கின் மொத்த நீளம் 89தான். அதே ஆண்டு ஒக்ரோபரில் சேர்ச்சில் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். நேட்டோவுக்குள் பெரிய சன்னமே வேண்டும் என்று அமெரிக்கா நின்றது. ஈ.எம்-2 கைவிடப்பட்டது. 7.62 மில்லிமீற்றர் சன்னமும், பெல்ஜியத்தின் வடிவமைப்பில் வந்த எஸ்.எல்.ஆரும் அந்த இடத்துக்கு வந்தன. அதே எஸ்.எல்.ஆர்.தான் பின்னர் இலங்கை இராணுவத்தின் கையிலும் வந்து எங்கள் தெருக்களில் நின்றது. லண்டனில் அந்த ஒரு தீர்மானம் மாறாமல் இருந்திருந்தால், அம்மப்பாவின் கண் வேறொரு வடிவத்தையல்லவா பழகியிருக்கும்?

சரி, இவ்வளவு நன்மை இருந்தால் மற்றவர்கள் ஏன் விடுகிறார்கள்?

முகத்துக்கு மிகக் கிட்ட எல்லாம் நடக்கிறது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். சன்னம் வெடித்ததும் வெற்றுக் கோது வலப்பக்கமாக வெளியே பாயும். வலத் தோளில் வைத்தவருக்கு அது பிரச்சினையில்லை. இடத் தோளுக்கு மாற்றினால் சுடச்சுடக் கோது அவருடைய வாய்க்கு நேரே வரும். பிரித்தானியாவின் எல்-85ஐ இடத் தோளில் வைத்துச் சுடவே முடியாது. ஸ்டெயரில் உள்பாகத்தை மாற்றி இடப்பக்கமாக்கலாம். அது கொட்டிலில் இருந்து செய்யும் வேலை. சண்டையில் சுவரின் இடப்பக்க மூலையால் எட்டிப் பார்க்க வேண்டியவருக்கு உதவாது.

மகசின் மாற்றுவதும் அப்படித்தான். வழமையான துவக்கில் கண்ணுக்கு முன்னால் கை வேலை செய்யும். புல்பப்பில் அக்குளுக்குக் கீழே தடவ வேண்டும். பழகியவர்கள் வேகமாகச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிலத்தில் படுத்திருக்கும்போது, இருட்டில், கவச அங்கியோடு, புதிதாய்ச் சேர்ந்த ஒருவர் செய்வது வேறு விடயம். விசை முன்னுக்கும் அது இயக்கும் பகுதி பின்னுக்கும் இருப்பதால் இடையில் நீளக் கம்பி ஒன்று வேலை செய்கிறது. அதனால் விசை கொழகொழவென்று இருக்கும் என்பது பழைய முறைப்பாடு. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இலக்குச் சுடும் போட்டிக்காரருக்குத்தான் அது பெரிய குறை.

உடம்பின் அளவுதான் எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை கூடிய கவனத்துக்குரியது. எம்-4 வகைத் துவக்கின் பிடங்கை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம். ஐந்தடி ஒன்றரை அங்குலப் பெண்ணும் ஆறடி ஆணும் ஒரே துவக்கைத் தங்கள் கைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். புல்பப்பின் பிடங்குக்குள் இயந்திரம் இருக்கிறது. அதைச் சுருக்க வழியில்லை. அதற்கு மேல் தடித்த கவச அங்கியைப் போட்டால் தோளுக்கும் விசைக்கும் இடையிலான தூரம் இன்னும் கூடும். மறுபக்கமும் இருக்கிறது. புல்பப்பின் பாரம் முழுக்கத் தோளோடு ஒட்டியிருப்பதால் முன்கை சோராது. ஒரு கையால்கூட ஓரளவு பிடித்து நிற்கலாம். சின்ன உடம்புக்காரருக்கு அது வரம். த பேசின் பிள்ளையும் இதையேதான் சொன்னாள்: தூக்கிக்கொண்டு நிற்க லேசு, தோளில் பொருத்தத்தான் கஷ்டம்.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு இது இன்னும் கிட்டிய கதை. அங்கே தேசிய சேவைக்குப் போகும் தமிழ்ப் பையன்கள் பெரும்பாலும் எஸ்.ஏ.ஆர்-21 என்ற புல்பப்பைத்தான் தூக்குகிறார்கள். கன்னம் படும் இடத்தில் கெவ்லார் தகடு ஒன்றை வைத்து, உள்ளே அழுத்தம் மீறினால் வெளியேற ஒரு துவாரத்தையும் அதில் அமைத்திருக்கிறார்கள். முகத்துக்குப் பக்கத்தில் வெடிப்பதன் ஆபத்தை உணர்ந்து செய்த வேலை அது. தொழிலாக அல்லாமல் கடமையாகத் துவக்கைத் தொடும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கவனம் எடுத்ததை நாங்கள் பாராட்டத்தான் வேண்டும்.

இந்தக் குறைகள் எல்லாம் நாற்பது வருடங்களுக்கு முன்னும் இருந்தவைதான். மாறியது துவக்குக்கு வெளியே உள்ள உலகம். எம்-4 குடும்பத்துக்கான பாகங்கள், பார்வைக் கருவிகள், பிடிகள் எல்லாம் உலகம் முழுவதும் மலிந்து கிடக்கின்றன. சைலன்சர் பூட்டுவது முன்பு விசேட படைகளின் வேலை. இப்போது சாதாரண காலாட்படைக்கும் வருகிறது. அது பூட்டினால் புகை பின்னோக்கித் திரும்பும். புல்பப்பில் அது நேரே கண்ணுக்கும் மூக்குக்கும். அதேநேரம் சைலன்சர் துவக்கை நீளமாக்குவதால் புல்பப்பின் கட்டை உடம்பு உதவியும் செய்கிறது. இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறு இது.

ஒவ்வொரு நாடும் விட்ட காரணம் ஒன்றல்ல. நியூசிலாந்து தன்னுடைய ஸ்டெயர்களை லித்கோவில்தான் வாங்கியது. ஆப்கானிஸ்தானில் தூரச் சண்டைகளில் அவை போதவில்லை என்று கண்டு, 2015இல் அமெரிக்கத் தயாரிப்பான வழமை அமைப்புத் துவக்கைத் தெரிவு செய்தது. அந்தக் குறையில் பழைய ஒன்றரை மடங்குப் பார்வைக் கண்ணாடிக்கும் பங்குண்டு. பழியெல்லாம் புல்பப்பின் தலையில் போட முடியாது. சீனா 1997இல் ஹொங்கொங்குக்குள் நுழைந்தபோது உலகுக்குக் காட்டிய புல்பப்பை, 2019 அணிவகுப்பில் வழமை அமைப்புத் துவக்கால் மாற்றத் தொடங்கியிருந்தது.

பிரான்சின் கதைதான் அவுஸ்திரேலியா படிக்க வேண்டிய கதை. ஃபமாஸ் என்ற அவர்களுடைய புல்பப், பிரான்சிலேயே செய்யப்பட்ட உருக்குக் கோதுச் சன்னத்துக்காக வடிவமைக்கப்பட்டது. சன்னம் செய்த இடம் மூடப்பட்டது. துவக்கைச் செய்த சென்-எத்தியேன் தொழிற்சாலையும் 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. வெளிநாட்டுப் பித்தளைக் கோதுச் சன்னம் அதில் ஒழுங்காக ஓடவில்லை. உதிரிப்பாகமும் இல்லை. 2016இல் ஜேர்மன் எச்.கே.416 வந்தது. தொழிற்சாலை போனபின் துவக்கு எத்தனை நல்லதென்று பேசி என்ன பயன்?

இதுவரை பேசியது சின்னச் சன்னத்தைப் பற்றி. இப்போது உலகம் மறுபடியும் பெரிய சன்னத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. கவச அங்கிகள் வலுத்துவிட்டதால் 5.56 போதாது என்ற வாதம் எழுந்திருக்கிறது. பெரிய சன்னத்துக்கு நீளக் குழல் வேண்டும். நீளக் குழலைக் கட்டை உடம்புக்குள் வைக்கப் புல்பப்பைவிட வேறென்ன வழி? காகிதத்தில் பார்த்தால் புல்பப்பின் பொற்காலம் வந்திருக்க வேண்டும். இஸ்ரேலியத் தயாரிப்பான ரவோர்-7 அந்த வழியில் வந்ததுதான்: 7.62 மில்லிமீற்றர் சன்னம், 43 சென்ரிமீற்றர் குழல், மொத்த நீளம் 73 அளவில். எஸ்.எல்.ஆரின் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை.

அமெரிக்க இராணுவம் இதை நேரடியாகவே சோதித்தது. புதிய 6.8 மில்லிமீற்றர் துவக்குக்கான போட்டியில் ஆர்.எம்-277 என்ற புல்பப்பும் சிக் சவர் நிறுவனத்தின் வழமை அமைப்புத் துவக்கும் கடைசிவரை நின்றன. புல்பப் நீளக் குழலால் வேகத்தைப் பெற்றது. சிக் சவர் 33 சென்ரிமீற்றர் கட்டைக் குழலோடு, சன்னத்துக்குள் அழுத்தத்தை மிக உயர்த்தி அதே வேகத்தைப் பெற்றது. 2022 ஏப்ரலில் வென்றது சிக் சவர். இந்தியாவும் 7.62க்குத் திரும்பியபோது, 2019இல் 72,400 சிக்-716 துவக்குகளை வாங்கியது. 2024இல் மேலும் 73,000. அவையும் வழமை அமைப்புத்தான். ரவோர் புல்பப்பை 2000களிலேயே வாங்கி விசேட படைகளுக்குக் கொடுத்து, அதன் நன்மை தீமைகளை நன்றாக அறிந்த நாடு அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய சன்னம் புல்பப்பின் குறைகளையும் பெரிதாக்குகிறது என்பதே எமது கணிப்பு. கூடிய வெடிமருந்து, கூடிய புகை, கூடிய சத்தம், எல்லாம் கன்னத்திலிருந்து ஒரு சாணுக்குள். நீளமான சன்னத்துக்கு நீளமான உள்பகுதி வேண்டும். அதனால் பிடங்கு இன்னும் தடிக்கும், சின்னக் கைகளுக்கு இன்னும் எட்டாமல் போகும். வென்ற துவக்கும் குறையில்லாதது அல்ல. அதன் மகசினில் இருபது சன்னங்கள்தான். ஏழு மகசின் சுமந்தாலும் 140; எம்-4 வைத்திருந்தவர் சுமந்தது 210. 2025இல் அமெரிக்க இராணுவ அதிகாரி ஒருவரே இதை வெளிப்படையாக விமர்சித்தார். பெரிய சன்னம் நல்லது என்று மேசையில் இருந்து சொல்லலாம், சுமப்பவருடைய முதுகுதான் கணக்குச் சொல்லும்.

திரும்பி லித்கோவுக்கு வருவோம். சிட்னியிலிருந்து நீலமலைகளைத் தாண்டி ஏறத்தாழ 140 கிலோமீற்றர் மேற்கே உள்ள நிலக்கரி ஊர். 1912இல் திறந்த தொழிற்சாலை. லீ-என்ஃபீல்ட், எஸ்.எல்.ஆர்., ஸ்டெயர் என்று நூறு வருடமாக இந்த நாட்டின் துவக்கு அங்கேதான் பிறந்திருக்கிறது; இடையில் வேலை குறைந்த காலத்தில் தையல் மெசினும் செய்தார்கள். இப்போது அதை நடத்துவது தாலஸ் நிறுவனம். 2015இல் சுமார் 100 மில்லியன் டொலருக்கு 30,000 ஈ.எஃப்-88 துவக்குகளுக்கு ஒப்பந்தமானது. பாரம் குறைந்தது, குழல் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது, பார்வைக் கருவி மாற்ற மேலே தண்டவாளம் வந்தது. சன்னம் விக்ரோறியாவின் பெனல்லாவில் செய்யப்படுகிறது. பிரான்ஸ் இழந்தது எதுவோ, அது இங்கே இன்னும் இருக்கிறது.

ஆகவே அவுஸ்திரேலியா ஸ்டெயரை வைத்திருப்பது புல்பப் மீதுள்ள காதலால் என்று நாங்கள் நினைக்கவில்லை. உள்ளூரில் செய்யக்கூடிய, திருத்தக்கூடிய, சன்னம் போடக்கூடிய துவக்கு அது என்பதால்தான். கப்பல் பாதைகள் அடைபட்டால் இந்தத் தீவுக்கு அது சின்ன விடயம் அல்ல. ஆனால் அதே லித்கோ தொழிற்சாலை 2022இல் ஏ.சி.ஏ.ஆர். என்ற வழமை அமைப்புத் துவக்கைச் செய்து கண்காட்சியில் வைத்தது. விசேட படைகள் எப்போதோ எம்-4 வகைக்குப் போய்விட்டன. செய்பவர்களுக்கே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்திருக்கிறது. அடுத்த தெரிவு வரும்போது மகசின் முன்னுக்கு வந்துவிடும் என்றே நாங்கள் எதிர்பார்க்கிறோம். அது லித்கோவில் செய்யப்படுமா, பெட்டியில் இறக்குமதியாகி வருமா என்பதுதான் நாடாளுமன்றத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. சுருக்க முடியாத பிடங்கோடு சின்ன உடம்புக்காரர்களை இன்னும் எத்தனை வருடம் பயிற்றுவிப்பது என்பது அதற்கு அடுத்த கேள்வி. சீருடையில் பெண்களின் தொகையைக் கூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் இராணுவம் அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் அன்று சாப்பாட்டு மேசையில் பேசி முடிக்கத் தேநீர் வேளை ஆகிவிட்டது. அம்மப்பா இடையில் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, கோது பாயும் கதையில்தான் வந்து நின்றார்.

"அப்ப இடக்கைப் பழக்கம் உள்ளவையை என்ன செய்வினம்?"

"வலத் தோளிலைதான் பழக்குவினம்."

"நீ சின்னனிலை எல்லாத்துக்கும் இடக்கைதானே நீட்டுவாய்?"

"ஓம், எழுதிறது இப்பவும் இடக்கைதான். நீங்கள் சோத்துக் கோப்பைக்கு முன்னாலை இருத்தி, வலக்கையாலை சாப்பிடு, சாப்பிடு எண்டு ரெண்டு வருசம் படுத்தின பாட்டிலை, உது மாத்திறது எனக்குப் பெரிய கஷ்டமா இருக்கேல்லை, அம்மப்பா."

அவர் படத்தை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். இந்தமுறை முகத்தைப் பார்த்தார்.